மீன் தீவனத்தில் கணுக்காலிப் புரதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்ப்பவர்களும் தீவனம் கலப்பவர்களும் பூச்சித்தூள், அதாவது பூச்சிப் புழுவை உலர்த்திப் பொடித்த தீவனச் சரக்கு, பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

கணுக்காலி என்றால் பூச்சிதானே? எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

பூச்சி அந்தப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளைதான். இறால், நண்டு, இறால் சாயலில் இருக்கும் சிறு கடலுயிரான கிரில், உப்பு நீரில் வாழும் சிற்றுயிரான ஆர்ட்டீமியா, குளத்து நீரில் புள்ளிபோலத் துள்ளும் டாஃப்னியா எல்லாமே கணுக்காலிகள். கணுக்கணுவாக மடங்கும் கால், உடம்புக்கு வெளியே ஓர் ஓடு, வளர வளர அந்த ஓட்டை உரித்துப் போடும் பழக்கம் ஆகிய மூன்றும் இவற்றுக்குப் பொது. ஓட்டில் இருக்கும் முக்கியமான பொருளுக்குக் கைட்டின் என்று பெயர். கீழே பல பதில்களில் அது தலைகாட்டும்.

மீன்தூள் இருக்கும்போது புழுவைத் தேடிப் போவது ஏன்?

மீன்தூளைவிட நல்ல சரக்கு இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தரமானதில் 60 முதல் 70 சதவீதம் வரை புரதம் இருக்கும். அமினோ அமிலங்கள் மீனுக்கு வேண்டிய அளவில் அமைந்திருக்கும், மீனும் ஆசையாகத் தின்னும். சிக்கல் அளவில்தான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் டன் மீன்தூள்தான் உற்பத்தியாகிறது. பல பத்தாண்டுகளாக அது பெரிதாகக் கூடவில்லை, கூடவும் வழியில்லை. அதில் கணிசமான பங்கு பெரு நாட்டுக் கடற்கரையில் பிடிபடும் ஒரே வகை நெத்திலியை நம்பி நிற்கிறது. எல் நினோ வந்து கடல் சூடானால் அந்த நெத்திலி காணாமல் போகும். 2023இல் பெரு தன் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது.

மறுபக்கம் மீன் வளர்ப்பு பெருகிக்கொண்டே போகிறது. 2022ஆம் ஆண்டில் வளர்ப்பில் கிடைத்த நீர்வாழ் உயிரினங்களின் அளவு 9 கோடியே 44 லட்சம் டன் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டது. வளர்த்தது, பிடித்ததை முந்தியது அந்த ஆண்டில்தான், அதுவும் முதல் முறையாக. பானை அதே பானை, பந்தியில் ஆட்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள்.

இடைவெளியை இதுவரை நிரப்பியது சோயா. அது மலிவு, தட்டுப்பாடும் இல்லை. ஆனால் சால்மன் போன்ற ஊனுண்ணி மீன்களுக்குச் சாதாரண சோயாப் புண்ணாக்கை அதிகம் கொடுத்தால் பின்குடல் வீங்கிப் புண்ணாகிறது. அதனால்தான் மூன்றாவதாக ஒரு சரக்கைத் தேடுகிறோம்.

மீன் புழுவைத் தின்னுமா?

தூண்டில் போட்டவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆற்று மீன்களுக்குப் பூச்சி அன்றாட இரை. நீருக்கு வெளியே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வாயால் நீர் பீய்ச்சி அடித்து வீழ்த்தும் வில்லாளன் மீனே இருக்கிறது. கடல் மீன்களோ குஞ்சாக இருக்கும்போது கோபிபாட் போன்ற நுண் கணுக்காலிகளைத் தின்றுதான் வளர்கின்றன. மீனுக்கு இது புதிய உணவு இல்லை. ஆலைக்குத்தான் புதிது.

எந்தெந்த இனங்கள் தீவனத்துக்குப் பயன்படுகின்றன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலைப் பார்த்தால் களம் புரியும். 2017 ஜூலை 1 முதல் மீன் தீவனத்தில் ஏழு பூச்சிகளின் புரதத்தை அது அனுமதித்தது: கருப்புச் சிப்பாய் ஈ, வீட்டு ஈ, மாவுப்புழு, சிறு மாவுப்புழு, மூன்று வகைச் சுவர்க்கோழிகள். 2021இல் பட்டுப்புழு எட்டாவதாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் 2016இல் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவுக்கு, முதலில் சால்மன் குடும்ப மீன்களுக்கு மட்டும் என்று, வழி திறந்தது.

பட்டியலில் எட்டு இருந்தாலும் பெரிய அளவில் நடப்பது இரண்டுதான்: கருப்புச் சிப்பாய் ஈ, மாவுப்புழு. சுவர்க்கோழியின் உலர்ந்த எடையில் புரதம் 60 சதவீதத்தைத் தாண்டும். இருந்தும் வளர்க்கும் செலவைப் பார்த்தால் மனித உணவுச் சந்தையில்தான் அதற்குக் கட்டுபடியாகும். வீட்டு ஈயின் புழு சத்தில் குறைந்ததில்லை. ஆனால் அதன் ஈ நோய் பரப்பும் ஈ. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

கருப்புச் சிப்பாய் ஈக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்?

அதன் வாழ்க்கை முறை, வளர்ப்பவருக்காகவே அமைத்துக் கொடுத்ததுபோல இருப்பதால்தான். வளர்ந்த ஈ கடிக்காது, கொட்டாது, உணவுத் தட்டைத் தேடி வராது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைச் செலவழித்தே ஓரிரு வாரம் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. அழுகும் பொருளின் மேல் முட்டையிடாது. பக்கத்தில் உலர்ந்த இடுக்கு ஒன்றைப் பார்த்து அதில் இடும். அதனால் இரண்டு மரச்சட்டங்களை மெல்லிய இடைவெளிவிட்டுக் கட்டி வைத்தால் போதும், முட்டைகள் தாமாக அதில் வந்து சேரும். ஒரு பெண் ஈ பல நூறு முட்டைகளை ஒரே கொத்தாக இடும்.

ஏறத்தாழ நான்கு நாளில் முட்டை பொரிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியாக இருப்பது, இரண்டு மூன்று வாரத்தில் அரிசியைவிடப் பல மடங்கு தடித்த புழுவாகிவிடும். எடை சில ஆயிரம் மடங்கு கூடியிருக்கும். 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் அதற்குப் பிடித்த வெப்பம். நிறைந்த தட்டு ஒன்றில் கையை விட்டுப் பாருங்கள், அடுப்பருகே கை வைத்ததுபோல் சுடும். ஆயிரக்கணக்கான புழுக்கள் சேர்ந்து தின்னும்போது உண்டாகும் சூடு அது. காதை அருகில் கொண்டுபோனால் சிறு தூறல் இலையில் விழுவதுபோல ஒரு சலசலப்பு கேட்கும்.

தின்று முடித்த புழு நிறம் கறுத்து, உலர்ந்த இடம் தேடித் தானாகவே தட்டைவிட்டு ஏறி வெளியேறும். சரிவான பாதை ஒன்று வைத்தால் வாளியில் தானே போய் விழும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டு மயங்குவார்கள். ஆனால் தீவனத்துக்கு அந்தக் கறுத்த பருவம் சற்றுப் பிந்தியது. அதற்குள் தோல் தடித்திருக்கும், கைட்டினும் சாம்பலும் கூடியிருக்கும். பாலாடை நிறத்தில் இருக்கும்போதே சலித்து எடுத்துவிட வேண்டும்.

பையில் ‘புரதம் 45 சதவீதம்’ என்று இருக்கிறது. நம்பலாமா?

பாதி நம்பலாம். இந்தத் தொழிலில் அதிகம் ஏமாறும் இடம் இது. பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை, கணக்குதான் பொய் சொல்கிறது.

ஆய்வகங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் முறையிலோ அதைப் போன்ற வேறு முறையிலோ நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகின்றன. சரக்கில் உள்ள நைட்ரஜன் முழுவதும் புரதத்திலிருந்து வந்தது என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. மீன்தூளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பூச்சிக்குப் பொருந்தாது, ஏனென்றால் கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதைத் தசையாக மாற்ற முடியாது. ஆய்வகத்துக் கணக்கில் மட்டும் அது புரதமாகிவிடும்.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு மாவுப்புழு, சிறு மாவுப்புழு, கருப்புச் சிப்பாய் ஈப்புழு மூன்றின் அமினோ அமிலங்களையும் தனித்தனியே அளந்து, முழுப்புழுவுக்கு 6.25க்குப் பதில் 4.76ஆல் பெருக்க வேண்டும் என்று சொன்னது. போட்டுப் பாருங்கள். நைட்ரஜன் 7.2 சதவீதம் இருந்தால் பழைய கணக்கில் புரதம் 45, புதிய கணக்கில் 34க்குச் சற்று மேல். ஒரே பை, ஒரே புழு, பதினோரு புள்ளி வித்தியாசம். 45 என்று நம்பிக் கலவை போட்டவருடைய மீன் மெதுவாக வளர்ந்தால் பழி புழுவின் தலையில் விழுகிறது.

ஆகவே விற்பவரிடம், நைட்ரஜன் கணக்கில் வரும் கச்சாப் புரதத்தோடு நிற்காமல் அமினோ அமில அறிக்கையைக் கேளுங்கள். அதில் லைசின், மெத்தியோனின் இரண்டையும் முதலில் பாருங்கள். பூச்சிப் புரதத்தில் மெத்தியோனின்தான் பெரும்பாலும் பற்றாக்குறை. அதைத் தனியாகச் சேர்த்துச் சரிக்கட்டலாம், ஆனால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால்தானே?

கைட்டின் மீனுக்குச் செரிக்குமா?

மீனைப் பொறுத்தது. கைட்டினை உடைக்கும் நொதி பல மீன்களின் வயிற்றில் சுரக்கிறது. ஆனால் எத்தனை தூரம் உடைகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். வளர்ப்பு மீன்கள் பலவற்றில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. அளவு கூடினால் மற்ற சத்துகள் செரிப்பதையும் கெடுக்கும். கொஞ்சமாக இருந்தால் குடலில் நன்மை தரும் பாக்டீரியா பெருகுவதாகவும், நோய் எதிர்ப்பு தூண்டப்படுவதாகவும் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இந்த இரண்டாவது செய்தியை மட்டும் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன.

மீன்தூளை முழுவதுமாக நீக்கிவிடலாமா? 100 சதவீதம் முடியும் என்கிறார்களே?

சொல்வது உண்மைதான். எதன் 100 சதவீதம் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நார்வேயில் 2019இல் வெளியான சால்மன் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கடல்நீரில் வளரும் சால்மனின் தீவனத்தில் மீன்தூள் முழுவதையும் எடுத்துவிட்டுக் கருப்புச் சிப்பாய் ஈயின் தூளைப் போட்டார்கள். வளர்ச்சி குறையவில்லை. நல்ல ஆய்வு. ஆனால் அந்தத் தீவனத்தில் பூச்சித்தூளின் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம்தான். மிச்சப் புரதம் பெரும்பாலும் தாவரத்திலிருந்து வந்தது. 1990 வாக்கில் நார்வே சால்மன் தீவனத்தில் மீன்தூள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. இன்று பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. ஏற்கெனவே சுருங்கிப்போன ஒன்றை மாற்றுவதை, மூட்டைக்கு மூட்டை மாற்றுவதாக எடுத்துக்கொண்டால் கை சுடும்.

பழக்கத்தில் நான் சொல்வது: முதல் முறை போடுபவர் மீன்தூளின் கால் பங்கை மட்டும் மாற்றட்டும். கொழுப்பு நீக்கிய தூளாக இருந்து, அமினோ அமிலத்தையும் சரிசெய்துவிட்டால் திலேப்பியா, கெண்டை, டிரவுட் போன்றவற்றில் அதற்கு மேலும் போக முடியும். வனாமி இறாலில் கருப்புச் சிப்பாய் ஈத்தூளை வைத்துச் செய்த சோதனை ஒன்றில், கால் பங்கைத் தாண்டியபோது வளர்ச்சி இறங்கத் தொடங்கியது. இறாலும் பூச்சியும் உறவுதானே, எவ்வளவு போட்டாலும் ஏற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொழுப்பை ஏன் நீக்க வேண்டும்? அதுவும் சத்துதானே?

சத்துதான். ஆனால் உலர்ந்த புழுவில் மூன்றில் ஒரு பங்கு வரை கொழுப்பாக இருக்கும். அவ்வளவு கொழுப்பு உள்ளே போனால் மாவை அழுத்திச் சூடாக்கிக் குருணையாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தின் குழலுக்குள் மாவு வழுக்கும். வெந்து உப்ப வேண்டிய குருணை உப்பாது. மிதக்க வேண்டிய தீவனம் கல்லைப்போல் மூழ்கும். மேல்மட்டத்தில் தின்னும் மீனுக்கு அது போய்ச் சேராது. புழுவைச் சூடாகப் பிழிந்து கொழுப்பைப் பிரித்துவிட்டால் தூளின் புரத விகிதமும் உயரும், கொழுப்பையும் தனியாக விற்கலாம்.

கருப்புச் சிப்பாய் ஈயின் கொழுப்பு கொஞ்சம் விசித்திரமானது. தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் அதே லாரிக் அமிலம்தான் இதிலும் அதிகம், கொழுப்பமிலங்களில் பாதியை நெருங்கும். குளிரில் உறைந்து வெண்ணெயாகும், எளிதில் சிக்கடிக்காது.

ஒமேகா-3 கிடைக்குமா?

நிலத்துப் பூச்சியில் நீண்ட ஒமேகா-3 கொழுப்பமிலங்களான இபிஏ, டிஎச்ஏ இரண்டும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்னீர் மீன்கள் பல, தாவர எண்ணெயில் உள்ள குறுகிய ஒமேகா-3ஐ ஓரளவு நீட்டித் தமக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்கள் பெரும்பாலும் அதைச் செய்யா. அவற்றுக்கு மீன் எண்ணெயோ பாசி எண்ணெயோ தனியாகப் போட்டே ஆக வேண்டும். புழுவுக்கு மீன் கழிவைத் தின்னக் கொடுத்தால் அதன் கொழுப்பில் ஒமேகா-3 ஏறும் என்பது சோதனையில் தெரிந்த செய்தி. ஆனால் மீன் கழிவு கையில் இருக்கும்போது அதை நேரே எண்ணெயாக எடுக்காமல் புழு வழியாகச் சுற்றி வருவது எனக்கு விளங்கவில்லை.

பட்டுப்புழுவின் கூட்டுப்புழு பழைய தீவனம் ஆயிற்றே?

ஆமாம், இந்தக் கதையில் மூத்தது அதுதான். பட்டு நூற்ற பிறகு கூட்டுக்குள் எஞ்சும் கூட்டுப்புழுவைக் கெண்டைக்குப் போடும் பழக்கம் சீனாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக உண்டு. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம், மெத்தியோனினும் பரவாயில்லை.

ஆனால் அதன் கொழுப்பு கருப்புச் சிப்பாய் ஈயினுடையதற்கு நேர் எதிர். நிறைவுறாக் கொழுப்பமிலம் மிகுந்தது, காற்றுப்பட்டால் விரைவில் சிக்கடிக்கும். ஜப்பானியக் கெண்டைப் பண்ணைகளில் ‘செகோகே’ என்றொரு நோய் இருந்தது. மீனின் முதுகுச் சதை கரைந்து, பின்னாலிருந்து பார்த்தால் கத்தி முனைபோல் மெலிந்திருக்கும். தேடிப் பார்த்ததில், சிக்கடித்த கூட்டுப்புழுக் கொழுப்பே காரணம் என்று தெரிந்தது. வைட்டமின் ஈ சேர்த்தபோது நோய் தடைபட்டது. புழுவில் குற்றமில்லை, கிடங்கில்தான் குற்றம். கொழுப்பு நீக்காத கூட்டுப்புழுவை மூட்டையில் கட்டி வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் வைப்பவருக்கு இன்றும் இதே கதிதான்.

கடலில் கிரில் கொட்டிக் கிடக்கிறதே, அதை அள்ளினால் என்ன?

அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அண்டார்க்டிக் கடலில் கிரில் பிடிப்புக்கு முக்கியமான பகுதியில் ஆண்டுக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டன் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். திமிங்கிலம், பென்குவின், கடல்நாய் எல்லாம் கிரிலைத்தான் நம்பியிருக்கின்றன. பெருவின் நெத்திலியிலிருந்து தப்பித்து இன்னொரு கடலின் அடித்தட்டில் கை வைப்பது தீர்வாகாது என்பது என் கருத்து.

தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. செத்த கிரிலை அதன் வயிற்று நொதிகளே வேகமாகக் கரைத்துவிடும் என்பதால் கப்பலிலேயே பதப்படுத்த வேண்டும். ஓட்டில் ஃபுளோரைடும் அதிகம். ஆனால் சிறிய அளவில் அது அருமையான சரக்கு. அதன் வாசனைக்கு மீன் ஓடிவரும். சோயா அதிகமுள்ள தீவனத்தை முகம் சுளித்துத் துப்பும் மீன்கூட, இரண்டு மூன்று சதவீதம் கிரில் தூள் சேர்த்தால் தின்றுவிடும். சால்மன் சதைக்குச் செந்நிறம் தரும் அஸ்டாசாந்தினும் அதில் இருக்கிறது.

குஞ்சு பொரிப்பகங்களில் ஆர்ட்டீமியாவுக்கு மாற்று உண்டா?

தூளாக இல்லை. வாய் திறந்த முதல் நாட்களில் பல மீன் குஞ்சுகள் அசைவதைத்தான் இரை என்று அறியும். ஆர்ட்டீமியாவின் உலர்ந்த முட்டைகள் டப்பாவில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். உப்பு நீரில் போட்டுக் காற்றடித்தால் ஒரு நாளில் அரை மில்லிமீட்டர்க் குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரி இதற்குப் பெரிய மூலம். அவற்றில் டிஎச்ஏ இல்லாததால், கொடுப்பதற்கு முன் எண்ணெய்க் குழம்பில் சில மணி நேரம் நீந்தவிட்டுச் சத்தேற்றுவார்கள்.

புழுவுக்கு எதைப் போட்டு வளர்க்கலாம்?

எல்லா வாதமும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. புழு எதையும் புதிதாகப் படைப்பதில்லை, ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது. என்ன உள்ளே போனது என்று தெரியாமல் வெளியே வந்ததைப் பற்றிப் பேச முடியாது.

கருப்புச் சிப்பாய் ஈயின் புழு காய்கறிக் கழிவு, சமையல் மிச்சம், சாராய ஆலைச் சக்கை, சாணம் என எதையும் தின்னும். ஆனால் தின்னும் என்பதும் தின்னக் கொடுக்கலாம் என்பதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, வளர்க்கப்படும் பூச்சியும் பண்ணை விலங்குதான். ஆகவே சாணமும் உணவகக் கழிவும் அங்கே தடை. தானியம், தவிடு, பழம், காய்கறி போன்ற சுத்தமான தாவரப் பொருட்களை ஏற்கிறார்கள். பைத்தியப் பசு நோய்க்குப் பிறகு 2001இல் வந்த கடுமையான தடைகளின் தொடர்ச்சி இது. பல நாடுகளில் விதி வேறு. சில இடங்களில் விதியே இல்லை. விதி இல்லாத இடத்தில் நீங்கள்தான் விதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் நேரே போகக்கூடிய தவிட்டைப் புழுவுக்குப் போட்டால் சுற்றுச்சூழல் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். யாருக்கும் வேண்டாத கழிவைப் போட்டால் லாபம் பெரிது, ஆனால் பாதுகாப்பை நிரூபிப்பது கடினம். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ‘பசுமைத் தீவனம்’ என்று பையில் அச்சடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நச்சும் நோயும் புழு வழியாக மீனுக்கு வருமா?

கன உலோகத்தில்தான் முதல் கவலை. கருப்புச் சிப்பாய் ஈயின் புழு காட்மியத்தைத் தன் உடலில் சேர்த்து வைக்கும். மாவுப்புழுவுக்கு ஆர்சனிக்கில் அதே பழக்கம். பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் விஷயத்தில் நற்செய்தி: இரண்டு புழுக்களிலும் அது தேங்குவதாகக் காணவில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் புழுவின் குடலில் இருக்கக்கூடும். கொதிநீரில் முக்கி, உலர்த்தி, தூளாக்கும் ஒழுங்கான ஆலையில் அவை பிழைக்காது. அரைகுறையாக வெயிலில் காயவைத்த சரக்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இறால் வளர்ப்பவருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. வேகாத நண்டு, இறால் கழிவுகளை இறாலுக்குப் போடாதீர்கள். வெண்புள்ளி வைரஸ் அந்த வழியில்தான் வாசலைத் திறந்துகொண்டு வரும்.

தீவனம் கலக்கும் தொழிலாளிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சித்தூளும் ஒவ்வாமல் போகலாம், ஏனென்றால் ட்ரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் இரண்டிலும் இருக்கிறது. தூசி பறக்கும் கொட்டகையில் முகக்கவசம் கட்டாயம்.

மீனின் சுவை மாறுமா?

பெரும்பாலும் மாறுவதில்லை. கொழுப்பு நீக்காத தூளை மிக அதிகமாகப் போட்டால் சதையின் கொழுப்பமிலங்கள் மாறும். ஒமேகா-3 குறைவதுதான் அதில் கவலைக்குரியது.

மூட்டை வந்து இறங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

ஆய்வக அறிக்கை வருவதற்கு முன் மூக்கும் விரலும் பாதி சொல்லிவிடும். மூட்டையின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள், மேலே இருப்பதை எடுக்காதீர்கள். வறுத்த கடலை வாசனையும் லேசான மண் வாசனையும் இருந்தால் நல்லது. பழைய எண்ணெய்ச் சட்டியின் காரல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். நிறம் இளம் பழுப்பாக இருக்க வேண்டும். கருங்கறுப்பாக இருந்தால், புழுவைக் கொதிநீரில் முக்காமல் மெதுவாகச் சாகவிட்டிருக்கிறார்கள், அல்லது உலர்த்தும்போது கருக்கியிருக்கிறார்கள். புழு நசுங்கியோ மெதுவாகவோ சாகும்போது அதன் நொதிகள் வேலைசெய்து, வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல் அதைக் கறுக்க வைக்கும். தூளை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். உமி உமியாகத் தோல் உறுத்தினால் பிந்திய பருவத்துப் புழு. விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால், ‘கொழுப்பு நீக்கியது’ என்று பையில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

இவ்வளவு நல்லதென்றால் விலை ஏன் இறங்கவில்லை? நிறுவனங்கள் ஏன் தள்ளாடுகின்றன?

புழுவில் பெரும்பகுதி தண்ணீர். மூன்று கிலோவுக்கு மேல் உயிர்ப்புழுவை உலர்த்தினால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும், அந்த நீரை ஓட்ட எரிபொருள் வேண்டும். குளிர்நாடுகளில் வளர்ப்பறையைச் சூடாக வைக்கவும் செலவு. இத்தனையும் செய்து வந்த சரக்கு, உலகம் முழுக்க லட்சக்கணக்கான டன்களில் புரளும் சோயாவோடும் மீன்தூளோடும் போட்டி போட வேண்டும்.

2011இல் தொடங்கிய ‘இன்செக்ட்’ என்ற பிரெஞ்சு மாவுப்புழு நிறுவனம் பெருந்தொகை முதலீடு திரட்டிப் பிரமாண்டமான ஆலை கட்டியது. 2024இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டி வந்தது. புழு தோற்றது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. முதலில் சிறிதாகச் செய்து, கணக்கு நேரானபின் பெரிதாக்காத எந்த ஆலைக்கும் இது நடக்கும் என்று நான் படிக்கிறேன்.

சிறு பண்ணையாளர் தாமே புழு வளர்த்துப் போடலாமா?

போடலாம். சொல்லப்போனால் உலர்த்தும் செலவே இல்லாத வழி அதுதான். நன்றாக நடக்கும் தொட்டியில் 100 கிலோ ஈரக் கழிவிலிருந்து 15 முதல் 20 கிலோ வரை உயிர்ப்புழு எதிர்பார்க்கலாம். அப்படியே கெளுத்திக்கும் திலேப்பியாவுக்கும் வீசலாம். ஆனால் முழு உணவாக இல்லை, வழக்கமான தீவனத்துக்குத் துணையாக. புழு மட்டுமே தின்ற மீனுக்குக் கொழுப்பு கூடும். வேண்டிய வைட்டமினும் மெத்தியோனினும் போதாது. தொட்டியில் மிஞ்சும் எருவைச் செடிக்குப் போடலாம், குளத்தில் கொட்ட வேண்டாம்.

நாற்றம் அடித்தால் எதையோ தவறாகச் செய்கிறீர்கள். பெரும்பாலும் ஈரம் அதிகம், அல்லது புழு தின்னும் வேகத்துக்கு மேல் கழிவு போட்டிருக்கிறீர்கள். மரத்தூளோ தவிடோ தூவி ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகும்.

என் குளத்துக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரே வயது, ஒரே எடையுள்ள மீன்களை ஆறு வலைக்கூண்டுகளில் சம எண்ணிக்கையில் விடுங்கள். மூன்றுக்குப் பழைய தீவனம், மூன்றுக்குப் புதியது. இரண்டிலும் புரதமும் ஆற்றலும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. போட்ட தீவனத்தை நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து மீனை நிறுங்கள். போட்ட தீவனத்தின் எடையைக் கூடிய மீனின் எடையால் வகுத்தால் தீவன மாற்று விகிதம் வரும். எண் சிறிதாக இருக்கும் பக்கம் வென்றது. ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு மீனை அறுத்துக் கல்லீரலையும் பாருங்கள். வெளிறிப் பெருத்திருந்தால் கொழுப்பு அதிகமாகிவிட்டது. கூண்டுகளுக்கு அடையாளச் சீட்டு கட்டும்போது அழியாத மையால் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் எது எந்தக் கூண்டு என்று தெரியாமல் சோதனையே வீணான பண்ணைகளைப் பார்த்திருக்கிறேன்.